நெட் பெட்டிக்கு இரண்டாவது வழி

மலைமேல் இருக்கும் சகாய அன்னை ஆஸ்பத்திரியில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்தெட்டு.

குரு, சிஸ்டர் தெக்லா. கம்ப்யூட்டர் படித்துவிட்டுக் கன்னியர் மடத்தில் சேர்ந்தவர். சீடர், ஒயர்மேன் இஞ்ஞாசி. அந்த ஆஸ்பத்திரியில் எரிகிற ஒவ்வொரு விளக்கும் அவர் கைபட்டது. கம்ப்யூட்டர் ஒயர் மட்டும் பிடிபடவில்லை. வெட்கப்படாமல் போய், "எனக்கும் சொல்லிக் குடுங்க சிஸ்டர்" என்று கேட்டார். ஒரு வருஷமாகப் பாடம் நடந்தது.

பாடத்தில் சிஸ்டர் பேசுவது கொஞ்சம்தான். கேள்வி கேட்டால் எதையாவது செய்து காட்டுவார்.

அந்த வாரம் இஞ்ஞாசியின் மகள் செலினுக்குக் குறைமாசத்தில் பெண் குழந்தை பிறந்தது. ஒரு கிலோ முந்நூறு கிராம். தாத்தாவின் உள்ளங்கைக்குள் அடங்கும்.

மலையில் குழந்தை டாக்டர் இல்லை. கீழே பட்டணத்து ஆஸ்பத்திரி டாக்டரம்மா போனில் சொன்னார்.

"பாப்பாவோட இதயத் துடிப்பு எந்நேரமும் என் திரைக்கு வந்துகிட்டே இருக்கணும். வந்தா அங்கேயே அம்மாகூட வச்சுக் காப்பாத்திடலாம். விட்டுவிட்டு வந்தா நான் பொறுப்பேத்துக்க முடியாது, கீழே அனுப்பிடுங்க. சனிக்கிழமை பத்து மணிக்கு நானே போன்ல சோதிச்சுப் பார்த்துட்டு முடிவு சொல்றேன்."

கீழே அனுப்புவது என்றால் இருபத்தாறு கொண்டை ஊசி வளைவு. மூன்று மணி நேரம். நல்ல திடமான ஆளே பாதி வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லும் ரோடு அது. ஒரு கிலோ முந்நூறு கிராம் அதைத் தாங்குமா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை புதுப் பெட்டி வந்து இறங்கியது. எல்லா வார்டுக் கம்ப்யூட்டரையும் ஒன்றாகச் சேர்த்துக் கீழே பட்டணத்தோடு பேச வைக்கும் பெட்டி. நெட் பெட்டி என்று எல்லாரும் சொன்னார்கள். இஞ்ஞாசி அட்டையைப் பிரித்துப் பெட்டியைத் திருப்பினார். அப்படியே நின்றுவிட்டார்.

"சிஸ்டர், இங்க வாங்களேன். பின்னாடி ரெண்டு வாய் வச்சிருக்கான்."

"ரெண்டு பவர் சப்ளை, அண்ணே. ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு ஊட்டும்."

"பழைய பெட்டிக்கு ஒண்ணுதானே. கரண்ட் கண்ணடிச்சாலே படுத்துக்கும்."

"ஆமா."

இஞ்ஞாசிக்குக் கை பரபரத்தது. பத்தே நிமிஷத்தில் பெட்டியை அலமாரியில் மாட்டினார். இரண்டு ஒயரையும் செருகினார். இரண்டு பச்சை விளக்கு எரிந்தது. வார்டுவரை ஓடிப்போய்த் திரையைப் பார்த்துவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"சிஸ்டர், ஒரு கேள்வி. ரெண்டு இருக்கிறப்போ இனி எதுக்குப் பயப்படணும்?"

சிஸ்டர் அலமாரியைச் சுற்றி வந்தார்.

"ஒண்ணை எடுத்துப் பார்க்கட்டுமா?"

"எதை வேணா எடுங்க."

குழந்தையின் மெஷினுக்குத் தனி பேட்டரி இருந்தது. பட்டணத்து இணைப்பும் இன்னும் தொடங்கவில்லை. அந்தத் தைரியத்தில்தான் சிஸ்டர் கை வைத்தார். ஒயர்கள் இரண்டையும் விரலால் தடவிக்கொண்டே போனார். மேஜைக்கு அடியில் குனிந்தார். இரண்டு ஒயரும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் பக்கத்தில் பக்கத்தில் குத்தியிருந்தன. அந்தப் போர்டைப் பிடுங்கினார்.

இரண்டு பச்சையும் போய்விட்டது.

"நீங்க ஏதாவது ஒரு ஒயரைப் பிடுங்குவீங்கன்னு நினைச்சேன்."

"எதை வேணான்னு சொன்னீங்க."

இஞ்ஞாசி தலையைச் சொறிந்தார். சிரிப்பும் வந்தது.

"சரி. மத்தியானம் வாங்க."

மத்தியானத்துக்குள் இரண்டு யூபிஎஸ் கொண்டுவந்து வைத்துவிட்டார். ஆபீஸ் அறையில் ஒன்று, மருந்தகத்தில் ஒன்று, கெஞ்சி வாங்கியது. கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் பேட்டரியில் ஊட்டும் பெட்டிகள். ஒன்றுக்குச் சிவப்பு டேப் சுற்றினார். ஒன்றுக்கு நீல டேப். சிவப்புக்கு ஒரு சுவர், நீலத்துக்கு எதிர்ச் சுவர்.

"இப்ப எடுங்க சிஸ்டர்."

சிஸ்டர் அறைக்குள்ளேயே வரவில்லை. வராந்தாவில் கரண்டைத் துண்டிக்கும் டிரிப்பர் பெட்டி இருந்தது. அதைத் திறந்தார். வரிசையாக இருந்த டிரிப்பர்களில் ஒன்றைக் கீழே தட்டினார். உள்ளே இரண்டு யூபிஎஸ்ஸும் சேர்ந்து கத்த ஆரம்பித்தன.

இஞ்ஞாசி வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் பல்.

"பெட்டி அணையலை, பாருங்க. ரெண்டும் பச்சை."

"நல்லது. செபமாலை சொல்லலாமா?"

"இப்பவா?"

"இன்னைக்கு வியாழன். ஒளியின் தேவ ரகசியங்கள்."

இரண்டு பேரும் நெட் அறையிலேயே முழந்தாளிட்டார்கள். ஐந்து ரகசியம், ஒவ்வொன்றுக்கும் பத்து மணி. யூபிஎஸ்கள் கத்தக் கத்த முதல் ரகசியம் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவதில் கத்தல் வேகமானது. இஞ்ஞாசியின் ஒரு கண் மணியில், ஒரு கண் பெட்டியில். நான்காவது ரகசியத்தின் மூன்றாம் மணியில் சிவப்பு ஓய்ந்தது. ஒன்பதாம் மணியில் நீலமும் ஓய்ந்தது. அறை நிசப்தமானது.

இஞ்ஞாசி எழுந்திருக்கப் போனார்.

"இன்னும் பதினோரு மணி இருக்கு அண்ணே."

முடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள்.

"ரெண்டு சுவர்ல குத்தினேனே சிஸ்டர்."

"ரெண்டு சுவருக்கும் ஒரே டிரிப்பர்."

"இந்தச் சுவருக்கு ஒயர் இழுத்ததே நான்தான். மறந்துட்டேன். சரி, ரெண்டு பேட்டரியும் ஒண்ணா போயிடுச்சே, அது ஏன்?"

"எப்ப வாங்கினது?"

"ஒரே பில்லுல, ஒரே நாள்ல."

சொன்னதும் இஞ்ஞாசியே புரிந்து தலையாட்டிக்கொண்டார். பிறகு கேட்டார்.

"அப்ப எத்தனை வச்சாப் போதும்? மூணா, நாலா?"

"எண்ண வேண்டாம். வாங்க, பின்னாடியே நடப்போம்."

நீல ஒயரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அறையிலிருந்து வராந்தா. வராந்தாவிலிருந்து மெயின் போர்டு. மெயின் போர்டிலிருந்து முற்றம், முற்றத்திலிருந்து ஈ.பி. கம்பம். சிவப்பு ஒயரைப் பிடித்தும் நடந்தார்கள். அதே வராந்தா, அதே முற்றம், அதே கம்பம். இரண்டு பேரும் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்கள்.

"இந்தக் கம்பத்துக்கு மூணு மணியானா உயிர் போகும் சிஸ்டர். தினம் ஒரு மணி நேரம்."

"கம்பத்துக்குப் போகாத வழி எது?"

இஞ்ஞாசிக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. முற்றத்தின் அந்தக் கோடியில் ஜெனரேட்டர் ஷெட் இருந்தது. அது வெள்ளிங்கிரியின் ராஜ்யம்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஆபரேஷன் நடுவில் விளக்கு நின்றது. ஒரு நிமிஷம்தான். நோயாளி பிழைத்துக்கொண்டார். ஒயர்மேனின் தப்பு என்றார் வெள்ளிங்கிரி. ஜெனரேட்டர்காரனின் தப்பு என்றார் இஞ்ஞாசி. அன்றிலிருந்து பேச்சு இல்லை. டீசல் தீர்ந்தாலும், ஃபியூஸ் போனாலும் வாட்ச்மேன் வழியாகத்தான் சேதி போகும், வரும்.

வெள்ளிக்கிழமை காலை சிஸ்டர் முன்னால் போக, இஞ்ஞாசி பின்னால் போனார். ஷெட் வாசலில் நின்று சிஸ்டரைப் பார்த்துப் பேசினார்.

"சிஸ்டர், ஆபரேஷன் தியேட்டருக்குப் போற ஜெனரேட்டர் லைன்ல ஒரு கிளை கிடைக்குமான்னு அவர்கிட்ட கேளுங்க."

சிஸ்டர் அங்கே கிடந்த மரப்பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார். வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிங்கிரி கையைத் துணியில் துடைத்தார். அவரும் சிஸ்டரைப் பார்த்தே பேசினார்.

"ஏனுங்க சிஸ்டரம்மா, அந்த மனுசருக்கு வாய்ல கொழுக்கட்டைங்களா?"

சிஸ்டர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இஞ்ஞாசி நேராக வெள்ளிங்கிரியின் பக்கம் திரும்பினார்.

"ஒரு லைன் வேணும்."

"யாருக்குங்க?"

"பேத்திக்கு."

வெள்ளிங்கிரி அதற்குமேல் கேட்கவில்லை. பேனல் கதவின் திருகாணியைக் கழற்றத் தொடங்கிவிட்டார். முதல் திருகாணி கையில் வந்த பிறகு சொன்னார்.

"நேத்தே வருவீங்கன்னு பார்த்தேனுங்க. ஒயரெல்லாம் எடுத்து வச்சிருக்கேன்."

அப்புறம் நேரம் போனதே தெரியவில்லை. முற்றத்தில் குழி வெட்டிக் குழாய் பதித்தார்கள். வெள்ளிங்கிரி இழுக்க இஞ்ஞாசி தள்ளினார். இஞ்ஞாசி இழுக்க வெள்ளிங்கிரி தள்ளினார். "மெதுவா இழுய்யா, அது ஒயரு, தேர்வடம் இல்ல" என்று இவர் சொல்ல, "தேராட்டம் ஆடறது நீங்கதானுங்க" என்று அவர் சொன்னார். நர்சுகள் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். செலின்கூட மெல்ல எழுந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஜெனரேட்டர் ஈ.பி. போனால்தான் ஓடும். அதனால் நீல யூபிஎஸ்ஸுக்கு ஒரு லீவர் வேண்டியிருந்தது. மேலே தள்ளினால் ஈ.பி. கரண்ட். கீழே தள்ளினால் ஜெனரேட்டர் கரண்ட்.

"லீவரை வராந்தாவுல வைங்க, ஒயர்மேன். ரெண்டு பேருக்கும் எட்டும்" என்றார் வெள்ளிங்கிரி.

"வராந்தாவுல கண்டவங்க கை படும்."

இஞ்ஞாசி அதை நெட் அறைக்குள்ளே, கதவுக்குப் பின்னால் முடுக்கினார். அறைக்கு ஒரே சாவி. அது அவர் சட்டைப் பையில் இருந்தது. சிஸ்டர் பார்த்தார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு எல்லாம் முடிந்தது. நீல ஒயரைப் பிடுங்கினார்கள். பெட்டி தாங்கியது. செருகிவிட்டுச் சிவப்பைப் பிடுங்கினார்கள். தாங்கியது. வராந்தா டிரிப்பரைத் தட்டினார்கள். அது இப்போது சிவப்புக்கு மட்டும்தான். தாங்கியது. மெயினை இறக்கி, ஜெனரேட்டரை ஓட்டி, லீவரைக் கீழே தள்ளினார்கள். சிவப்பின் பேட்டரி தீர்ந்து ஓய்ந்த பிறகும் நீலம் ஊட்டிக்கொண்டே இருந்தது. பெட்டி அணையவில்லை. எல்லாவற்றையும் பழையபடி வைத்தார்கள்.

இஞ்ஞாசிக்குக் கால் தரையில் பாவவில்லை.

"சிஸ்டர், இனி இந்த ஆஸ்பத்திரியில நீங்க எதை எடுத்தாலும் பெட்டி தாங்கும். மாதா மேல ஆணையா தாங்கும்."

"எதை எடுத்தாலுமா?"

"எதை எடுத்தாலும்."

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. சிஸ்டர் கதவைச் சாத்தச் சொன்னார். இஞ்ஞாசி பூட்டினார்.

"வாங்க அண்ணே, டீ குடிக்கலாம்."

கேன்டீன் எதிர்ப் பக்கத்தில் இருந்தது. சூடாக டீ வந்தது. இஞ்ஞாசி நாளைக்கு டாக்டரம்மா என்ன சொல்வார், தான் என்ன சொல்வேன் என்று இரண்டு குரலிலும் பேசிக் காட்டிக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு விசிறி நின்றது. ஷெட்டில் ஜெனரேட்டர் உறுமியது.

"பார்த்தீங்களா, வெள்ளிங்கிரி அரை நிமிஷத்துல ஓட்டிட்டான். இனி லீவரைக் கீழே..."

வார்த்தை நின்றது. கை சட்டைப் பைக்குப் போனது. சாவி அங்கேதான் இருந்தது. பெஞ்சைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"உட்காருங்க அண்ணே."

"லீவர் உள்ளே இருக்கு சிஸ்டர்."

"எதை வேணா எடுக்கச் சொன்னீங்க. உங்களை எடுத்திருக்கேன். எடுத்த பொருள் எழுந்து போகாது."

இஞ்ஞாசி உட்கார்ந்தார்.

வெள்ளிங்கிரி முற்றத்தில் ஓடி வருவது தெரிந்தது. பூட்டைப் பிடித்து ஆட்டினார். ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தார். கம்பி வழியே ஒரு குச்சியை விட்டு லீவரை எட்டப் பார்த்தார். எட்டவில்லை. "ஒயர்மேன், ஒயர்மேன்" என்று நாலா பக்கமும் கூப்பிட்டார். கேன்டீனில் இருந்து பதில் வரவில்லை. இஞ்ஞாசியின் டீயில் ஆடை படிந்தது.

கொஞ்ச நேரத்தில் வார்டிலிருந்து நர்ஸ் வந்து சொன்னாள்.

"சிஸ்டர், நெட் போயிடுச்சு."

சிஸ்டர் தன் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இஞ்ஞாசி டீயை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நேரே ஷெட்டுக்குப் போனார்.

"வெள்ளிங்கிரி, வா."

"எங்கீங்க?"

"உள்ளே."

நெட் அறையைத் திறந்துவிட்டார். வெள்ளிங்கிரி செருப்பை வெளியே கழற்றிவிட்டு நுழைந்து சுற்றிப் பார்த்தார்.

"இத்தனை வருசமா பூட்டிப் பூட்டி வச்சீங்களே. உள்ளே அம்மன் சிலை இருக்குதாட்டன்னு நினைச்சேனுங்க. வெறும் ஒயரு."

"வாயை மூடிக்கிட்டுக் கவனி. இது நெட் பெட்டி. இதுக்கு ரெண்டு வாய்."

ஒரு வருஷத்துப் பாடம் இரண்டு மணி நேரத்தில் நடந்தது. வெள்ளிங்கிரி கேள்வி கேட்டார். சில கேள்விக்கு இஞ்ஞாசிக்கே பதில் தெரியவில்லை. அதைச் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். பொழுது சாய்வதற்குள் லீவரை வராந்தாவுக்கு மாற்றினார்கள். பிறகு இஞ்ஞாசி கடைத்தெருவுக்குப் போய் இன்னொரு சாவி வெட்டிக்கொண்டு வந்தார். அதை வெள்ளிங்கிரியிடம் நீட்டினார். அவர் வாங்கி அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

சனிக்கிழமை காலை ஒன்பதே கால். இஞ்ஞாசி குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நெட் அறையைத் திறந்தார். பெட்டியின் ஒரு பக்கம் பச்சை. இன்னொரு பக்கம் சிவப்பு விளக்கு.

"வெள்ளிங்கிரி, இங்க வா. ஒரு வாய் செத்துக் கிடக்கு."

"சிஸ்டரம்மாவைக் கூப்பிடுங்க."

மடத்துக்கு ஓடினார்கள். சிஸ்டர் தெக்லா ஏழு மணி பஸ்ஸில் கீழே போய்விட்டார். தலைமை மடத்தில் வரச் சொன்னார்களாம். போன் போட்டார்கள். வளைவுகளில் டவர் கிடையாது. மறுபடி போட்டார்கள். அதே பதில்.

ஒன்பதரை.

"டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணித் திங்கட்கிழமைன்னு சொல்லிடலாமா?"

"பாப்பா திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்குங்களா?"

"ஒரு வாய் நல்லாத்தானே இருக்கு. அதை வச்சே காட்டிடுவோம். யாருக்குத் தெரியும்?"

"நமக்குத் தெரியுமேங்க."

இஞ்ஞாசி பெட்டியின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"சிஸ்டர் இருந்தா இப்ப என்ன பண்ணுவாங்க?"

"எதையாவது பிடுங்குவாங்க" என்றார் வெள்ளிங்கிரி.

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் கை ஓடியது. நீல யூபிஎஸ்ஸின் ஒயரைப் பிடுங்கி எதிர் வாயில் செருகினார்கள். சிவப்பு யூபிஎஸ்ஸின் ஒயரை இந்த வாயில் செருகினார்கள். சிவப்பு விளக்கும் பக்கம் மாறியது.

"அப்ப பெட்டி நல்லாருக்கு. கோளாறு நீல ஒயர்ல."

"பின்னாடியே போலாமுங்க."

இரண்டடிகூடப் போகவில்லை. நேற்று பாடம் படிக்கிற ஆர்வத்தில் மேஜையை நகர்த்தியிருந்தார்கள். மேஜைக் கால் ஒயர்மேல் நின்றது. தூக்கிப் பார்த்தால், தோல் நசுங்கி உள்ளே செம்பு அறுந்திருந்தது.

"இதே மாதிரி ஒயர் வேற எங்க இருக்கு?"

"கோயில்ல பாட்டுக் காட்டற புரொஜக்டருக்கு இருக்குங்களே."

"நாளைக்குப் பூசை."

"புத்தகத்தைப் பார்த்துப் பாடட்டுமுங்க."

வெள்ளிங்கிரிதான் ஓடினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோயில் படிகளில் இரண்டிரண்டாக ஏறினார். பத்து மணிக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது ஒயர் வந்தது. செருகினார்கள். இரண்டும் பச்சை.

போன் அடித்தது. டாக்டரம்மா.

"துடிப்பு தெரியுது, நல்லாத் தெரியுது. இப்ப என்ன சோதிச்சுக் காட்டப் போறீங்க?"

"காலையில ஒரு ஒயர் கெட்டுப்போச்சும்மா. மாத்திட்டோம். அதைச் சொல்லிட்டுத்தான் ஆரம்பிக்கணும்" என்றார் இஞ்ஞாசி.

"கெட்டப்போ நெட் நின்னுதா?"

"நிக்கலைம்மா. இன்னொரு வாய் தாங்கிடுச்சு. நாங்க ஒயரை மாத்திப் பார்த்தப்போதான் ஒரு நிமிஷம் நின்னுது."

"சரி, ஆரம்பிங்க. எதை எடுக்கப் போறீங்க?"

இஞ்ஞாசி வெள்ளிங்கிரியைப் பார்த்தார்.

"முதல்ல என்னை எடுக்கிறோம்மா."

போனை வெள்ளிங்கிரியின் கையில் கொடுத்துவிட்டு வெளியே நடந்தார். முற்றத்தைத் தாண்டி, மாதா சிலை இருக்கும் கெபியைத் தாண்டி, வாசல் கேட்டருகே போய், கட்டடத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். கை செபமாலையைத் தேடியது. மணி நகரவில்லை.

பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. வார்டு விசிறிகளின் சத்தம் அடங்கியது. மெயினை இறக்கிவிட்டான். ஓடுகிற காலடி. ஜெனரேட்டர் உறுமியது. மறுபடி ஓடுகிற காலடி. லீவர் விழுகிற சத்தம் அவ்வளவு தூரத்துக்குக் கேட்காது. ஆனாலும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கழுத்து வலித்தது. திரும்பவில்லை.

சிவப்பு பேட்டரி தீரும் நேரமும் போனது. அதற்குமேலும் கொஞ்ச நேரம் போனது.

"ஒயர்மேன்."

வெள்ளிங்கிரி மூச்சிரைக்க நின்றார். முகம் முழுக்க வியர்வை.

"இப்ப நான் இங்க நிக்கிறேன். நீங்க போங்க. டாக்டரம்மா என்னையும் எடுக்கச் சொல்லுதுங்க."

இஞ்ஞாசி ஓடினார். ஐம்பத்தெட்டு வயது அன்றைக்கு எங்கே போயிற்றோ. ஜெனரேட்டரை நிறுத்தினார், மெயினை ஏற்றினார், லீவரை மேலே தள்ளினார். சிவப்பைப் பிடுங்கினார், செருகினார். நீலத்தைப் பிடுங்கினார், செருகினார். ஒவ்வொன்றாகப் போனில் சொல்லிக்கொண்டே செய்தார். முடித்துவிட்டுக் காத்திருந்தார். போனில் தாள் புரளும் சத்தம் வந்தது.

"இத்தனைக்கும் துடிப்பு ஒரு தரம்கூட விடலை" என்றார் டாக்டரம்மா. "பாப்பா அங்கேயே இருக்கட்டும். ரெண்டு வேளையும் நான் பார்த்துச் சொல்றேன். அம்மாவைத் தைரியமா இருக்கச் சொல்லுங்க."

இஞ்ஞாசி போனை வைக்கக்கூட இல்லை. அப்படியே வராந்தாவுக்கு வந்து, கேட்டருகே முதுகைக் காட்டி நின்ற மனுஷரைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவருக்கு எப்படித் தெரியும், முதுகில் கண்ணா இருக்கிறது. இஞ்ஞாசி ஓடிப்போய்த் தோளைப் பிடித்துத் திருப்பினார். நாலு வருஷம் பேசாத இரண்டு பேரும் கேட்டருகே கட்டிக்கொண்டு நின்றார்கள். அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று வாட்ச்மேனுக்குப் புரியவில்லை.

செலினிடம் வெள்ளிங்கிரிதான் முதலில் சொன்னார். அவள் குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடியே கேட்டாள். "கீழே போக வேண்டாமா அண்ணா?" என்று மூன்று தரம் கேட்டாள்.

மத்தியான பஸ்ஸில் சிஸ்டர் தெக்லா வந்து இறங்கினார். கையில் குடையும் ஒரு கவரும். இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்துக்கே ஓடினார்கள்.

"சிஸ்டர், பாப்பா இங்கேயே இருக்கலாம்னுட்டாங்க."

"தேவனுக்கு மகிமை" என்றார் சிஸ்டர்.

"காலையில ஒரு வாய் செத்துக் கிடந்துச்சு. இவன்தான் கோயிலுக்கு ஓடினான்."

"இவர்தானுங்க கண்டுபிடிச்சார்."

"மேஜைக் கால்ல நசுங்கியிருந்தது சிஸ்டர். மேஜையை நகர்த்தினது நாங்கதான்."

இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்ல, மூன்று பேரும் ஏற்றத்தில் நடந்தார்கள். கெபி வந்ததும் சிஸ்டர் நின்றார். கவரைக் காட்டினார்.

"எனக்கு மாற்றல் வந்திருக்கு. வேற மடம். திங்கட்கிழமை கிளம்பணும்."

இஞ்ஞாசியின் கை தன்னால் சிலுவை போட்டுக்கொண்டது. வெள்ளிங்கிரி குடையை வாங்கிக்கொண்டார், ஏதாவது செய்ய வேண்டும் என்பதுபோல.

"திங்கட்கிழமையா."

"ஆமா அண்ணே."

"நீங்க போயிட்டா, அப்புறம் ஒண்ணுன்னா நாங்க யாரைக் கேக்கிறது சிஸ்டர்?"

சிஸ்டர் தெக்லா அவரைப் பார்த்தார். வெள்ளிங்கிரியையும் பார்த்தார்.

"இன்னைக்குக் காலையில யாரைக் கேட்டீங்க?"